மூன்று திசையில் அறுத்த கல்

முசினாவுக்குத் தெற்கே, தண்ணீர் வற்றிய சேண்ட் ஆற்றில்
ட்ஷிலிட்ஸி உடைத்து எடுத்துவந்த பாறை.
அதன்மேல் மார்க்கரால் ஓர் அம்பு, வடக்கைக் காட்டி.
அம்பு அழிந்தால்
தோட்டத்து ஓரத்தில் போடத்தான் ஆகும்.

ஜோஹனஸ்பர்க்கில் கட்டடத்தின் அடித்தளம்.
வைர ரம்பம் என்னுடையது.
கல்லில் நார் உரிப்பதா என்று கேட்பவர்கள்
ஒருமுறை இங்கே வரட்டும்.
முப்பது கிலோமீட்டர் ஆழத்தில்
வெந்து, நசுங்கி, ஜவ்வாய் இழுபட்டு
காக்காய்ப்பொன் செதிலெல்லாம்
ஒரே பக்கம் திரும்பிப் படுத்துவிட்டது.
முழுக்க நார்தான்.

நாரின் போக்கில் ஒரு துண்டு,
அதே தளத்தில் குறுக்கே ஒன்று,
பட்டைகளைத் துளைத்து இறங்குவது ஒன்று.
நோட்டில் எக்ஸ், ஒய், இசட்.
எனக்கு: ஓட்டம், சுமார், அடம்.

வியாழக்கிழமை அடத்தை எஃகுக் குழாய்க்குள் இறக்கினோம்.
அழுத்தம் ஏற்றுமுன் அதில் ஒலியின் வேகம்
நொடிக்கு நாலரை கிலோமீட்டர்.
அந்த எண்ணை நம்பக் கூடாது.
மேலே ஏறிவந்த வழியில் விழுந்த
மயிரிழை விரிசல்கள் குறுக்கே பேசுகின்றன.
எண்ணெயை அமுக்க அமுக்க
ஒவ்வொன்றாய் வாய் மூடின.
ஐந்து.
ஐந்தே முக்கால்.
ஆறு புள்ளி ஒன்று. பிறகு ஏறவே இல்லை.

அப்போது பார்த்து மின்சாரம் போயிற்று.
அட்டவணையில் இல்லாத லோட் ஷெட்டிங்.
ட்ஷிலிட்ஸி வெண்டாவில் ஏதோ சொன்னாள்,
அர்த்தம் நான் கேட்கவில்லை.
எங்கோ ஒரு வளையம் கசிந்து
அழுத்தமானியின் முள் சரிந்துகொண்டிருந்தது.
பேட்டரியில் அலைகாட்டி மட்டும் பச்சையாய்.
போன் வெளிச்சத்தில் எழுதினேன்:
அழுத்தம் பாதி, வேகம் ஆறு.
அழுத்தம் கால், வேகம் ஐந்து புள்ளி ஒன்பது.
மூடியவை திறக்க யோசிக்கின்றன.
"இது கிடைக்குமென்று யாரும் கேட்கவில்லையே," என்றாள்.
"எழுது," என்றேன்,
எழுதிக்கொண்டிருந்தது நான்தான் என்றாலும்.

அன்றிரவு லெனேசியாவில்
அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது.
"லாரி," என்றார் தேவராஜ், புரண்டு படுத்து.
நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
ஐந்தில் கட்டில் பக்கவாட்டில் ஆடியது.
ஐந்து நொடி, நாற்பது கிலோமீட்டர்,
மேற்கே ஏதோ தங்கச் சுரங்கத்தின் கூரை.
இரண்டாவது அலை உள்ளே ஒன்றாய்ப் புகுந்து
நார் உள்ள இடத்தில் இரண்டாகும்;
ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.
அந்த இடைவெளியை என் கட்டில் அளக்காது.
கீழே நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?
அங்கே யாரும் அம்பு போடவில்லை.

தேவராஜ் தூங்கிவிட்டார்.
நாளை சுமாரை அறுக்க வேண்டும்,
ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கிறது.