பத்துக்கு எத்தனை

சம்பளம் விழுந்த மறுநாள்
தியத்தலாவையில் ரயில் ஏறுகிறோம்,
நான், பவளமணி, பஸ்லியா.
மூன்று தாதிமார், ஒரே வார்டு.
ஒரே பகலில் லீவு கிடைக்க
மேட்ரனிடம் மூன்று வேறு பொய்கள்.

எல்லவில் ஒரே தெருவில்
நாலு இடத்தில் மெக்சிக்கோ இருக்கிறது.
மாதம் ஒன்றாகப் போய்
எது நல்லதென்று பார்த்துவிடுவது
இந்த வருடத்து வைராக்கியம்.
அசல் ருசி எப்படி இருக்கும் என்று
எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.
முகம் பார்க்காத மாப்பிள்ளைக்குப்
பொருத்தம் பார்ப்பதில்லையா
என்றாள் பவளமணி.

முதல் கடைச் சுவரில் குடையளவு தொப்பி.
டாக்கோ என்று வந்தது
நேற்றைய கோதுமை ரொட்டி,
உள்ளே கோழி, மேலே தக்காளி சோஸ்.
கொத்த மறந்த கொத்துரொட்டி என்று
காய்ச்சல் அட்டையின் பின்பக்கம்
எழுதினாள் பஸ்லியா. மூன்று.

அடுத்த மாதம் சீஸ்.
சீஸுக்கு அடியில் சீஸ்,
அதற்கும் அடியில் எங்கோ பீன்ஸ்.
டெக்ஸாஸ் பக்கம் இப்படித்தான்
என்றான் பரிமாறியவன். அவன் பசறைக்காரன்.
தையல் பிரிப்பதுபோல்
நூல் நூலாக இழுபட்டது.
நன்றாகத்தான் இருந்தது. ஆறு.
பில்லைப் பார்த்தபின் நாலு.

மூன்றாவதில் பட்டர் புரூட்டை
உப்பும் தேசிக்காயும் போட்டு மசித்திருந்தார்கள்.
பவளமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
அவள் லயத்துக்குப் பின்னால் ரெண்டு மரம்;
சீனி தூவி டின்பால் ஊற்றித்தான்
இருபத்தாறு வருடமாகத் தின்கிறாள்.
"இதுக்குப் போய் உப்பா?"
சொந்தக்காரனைப் பொலிஸ் உடுப்பில்
பார்த்தவள் முகம்.
பிறகு கரண்டியை எடுத்தாள்.
பிறகு என் கிண்ணத்தையும்.
மார்க் மட்டும் போடமாட்டாளாம்.

நாலாவது பூட்டியிருந்தது. நல்ல மழை.
ஆட்டோக்காரர்தான் சொன்னார்:
"தெமோதரை ஸ்டேசனுக்கு மேல
சந்தியாகுன்னு ஒருத்தர் போடுறாரு."

தகரக்கூரை, ரெண்டு வாங்கு.
தொப்பி இல்லை.
குவைத்தில் பதினொரு வருடம்
ஹோட்டல் குசினியில் இருந்தாராம்.
பக்கத்து அடுப்பில் மெக்சிக்கோக்காரர்,
பெயர் சந்தியாகோ.
"ரெண்டு பேருக்கும் ஒரே புனிதர்.
ஒருத்தரக் கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புவோம்."
திட்டு வாங்கியதும் சேர்ந்தே.
ராத்திரிகளில் இவர் அவருக்குப் பருப்பு தாளித்தார்,
அவர் இவருக்குச் சோளம் வேகவைத்தார்.

மொனராகலைச் சோளம்.
வெற்றிலைக்கடைச் சுண்ணாம்புத் தண்ணீரில்
வேகவிட்டு, இரவெல்லாம் ஊறவிட்டு,
தோல் கழற்றிக் கழுவி அரைத்தது.
"சுண்ணாம்பு படாத சோளம்
சொல்பேச்சு கேக்காதும்மா. தட்டுனா உதிரும்."
கல்லில் விழுந்ததும் அது
குப்பென்று ஊதியது.
கொச்சிக்காயைத் தேயிலைக்கட்டைப் புகையில்
கருக்கி வைத்திருந்தார்.
பஸ்லியா வாய் திறக்குமுன்பே
ஹலால் கோழி என்று
இறைச்சிக்கடைப் பெயரோடு சொன்னார்.

நாங்கள் பேசவில்லை.
நாங்கள் பேசாமல் இருந்தோம் என்றால்
வார்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

பத்து என்று எழுதப் போனேன்.
எட்டிப் பார்த்தவர் கையைத் தடுத்தார்.
"எட்டு போடுங்க.
அந்தாள் போடுற மிளகா இங்க கெடையாது.
அந்தப் புகையிலயே ஒரு இனிப்பு வரும்.
வெலிமடை, பதுளை, ஒரு சந்த விடல.
கிட்ட வருது. பிடிபட மாட்டேங்குது."
சொல்லும்போது மூக்கைக் கொஞ்சம் உயர்த்தினார்,
தடுப்புக்கு அந்தப் பக்கம்
யாரோ சமைப்பதுபோல.

எட்டும் போடவில்லை, பத்தும் போடவில்லை.
ஒழுக்குத் தண்ணீர் விழுந்து
பழைய மார்க்கெல்லாம் கரைந்த அட்டையில்
மிச்ச ரொட்டி ரெண்டைச் சுற்றினாள் பஸ்லியா.
ரயில் ஒன்றரை மணிநேரம் சுணக்கம்.

இரவு, மருந்து கொடுக்கக் குனிந்தபோது
பதினாலாம் கட்டில்காரி கேட்டாள்,
"என்ன மிஸ்ஸி, கையில ஒரு வாசம்?"
மூன்று தடவை சோப்புப் போட்ட கை.
சுண்ணாம்பு என்றேன்.
"நீங்களும் வெத்தல போடுவீங்களா?"
ஆமாம் என்று தலையாட்டிவிட்டு
பதினைந்தாம் கட்டிலுக்குப் போனேன்.