ஐந்து அரிசி

முந்நூற்று எண்பது கிராமுக்கு மேல்
தூசும் கூடாது என்றது புனேயிலிருந்து வந்த தாள்.
பதினெட்டாயிரம் அடியில் பறக்கப் போகிற மோட்டார்.
மைனஸ் நாற்பது.
வெளியே பனி உறைந்து கிடக்கும்போதே
உள்ளே தாமிரத்துக்குச் சுரம் காயும்.
சூட்டை வாங்கிக்கொண்டு போக
அந்த உயரத்தில் காற்றுக்குக் கை போதாது.

வியாசர்பாடி எஸ்டேட், மூன்றாம் சந்து.
ஒரு பக்கம் பெயிண்ட் டப்பா நசுக்கும் ஷெட்,
இன்னொரு பக்கம் பூட்டியே கிடக்கும் ரப்பர் கம்பெனி,
நடுவில் நாங்கள் இரண்டு பேர்:
வரைகிற நான், சுற்றுகிற எப்சிபா.
அடகுக்கடைக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட நகைத் தராசு.

முதல் மோட்டார் நானூற்று நாற்பத்தொன்று.
அறுபத்தொரு கிராம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது,
வாடகை தராமல்.
உறையில் துளை போட்டேன்.
தண்டைக் குடைந்து குழலாக்கினேன்.
எஃகுத் தகட்டைப் பூண்டுத் தோலாக்கி அடுக்கினோம்.
கம்பியில் கை வைத்தபோதுதான் அவளுக்கு வந்தது கோபம்:
"தாமிரத்தக் கொறச்சியானா நான் கெளம்பிடுவேன்."
பிறகு அவளே இரவெல்லாம் உட்கார்ந்து
பல்லுக்கு வெளியே வளைகிற கம்பியை மட்டும்
இழுத்து, தட்டி, குட்டையாக்கினாள்.
வேலை செய்வது உள்ளே இருக்கிற கம்பி;
வளைவில் இருப்பது சும்மா திரும்பி நடப்பது.
அந்த நடையில் மட்டும் பதினோரு கிராம்.

குளிருக்குக் காசிமேடு போனோம்,
இறால் கம்பெனி ஃப்ரீசருக்கு.
"இன்னா மேடம் இது, வெடிக்குமா?"
கதவைத் திறந்துவிட்டுத் தள்ளியே நின்றார் தஸ்தகீர்.
கிரீஸ் மெழுகாகிப் போக
முனகிக்கொண்டு நின்றது மோட்டார்.
கிரீஸை மாற்றினோம். மறுபடி. மறுபடி.
மூன்று வாரம் பட்டறைப் பூனை
என் பையை விட்டு நகரவில்லை.

சூட்டுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை ரஸ்க் அடுப்பு.
ராத்திரி இரண்டு மணி, ஒரு தட்டு இறங்கி
அடுத்த தட்டு ஏறுவதற்கு முன்னால் நாற்பது நிமிடம்.
முதல் காந்தம் சூட்டில் தன் பிடியை மறந்தது.
மாற்றி வாங்கியது சமாரியம்:
எந்தச் சூட்டுக்கும் அசையாது,
கைதவறினால் முறுக்கு.
எப்சிபா கையில் ஒன்று நொறுங்கியது.
அதன் விலையை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

முந்நூற்று எழுபத்தொன்பது.
அன்றைக்கு பீஃப் பிரியாணி, இரண்டு பிளேட்.

ஒரு மோட்டாரை எர்ணாவூருக்கு
வீட்டுக்கு எடுத்துப்போய் ஜன்னலில் வைத்தேன்,
பெருமைக்குத்தான்.
பதினோராம் நாள் விரலால் சுற்றினேன். சுற்றவில்லை.
பிரித்தேன்:
அலுமினியத்தில் வெள்ளைப் பூஞ்சைபோல் உப்பு,
பற்றவைப்பில் பச்சை,
பேரிங்கில் துரு, துருமேல் சாம்பல்.
மலையும் அடுப்பும் செய்யாததை
ஜன்னல் செய்திருந்தது.
அந்த ஜன்னலுக்குக் கீழேதான்
என் மகன் படுக்கிறான்.

போனில் கேட்டேன்.
உப்புக்கும் சாம்பலுக்கும் சோதனை வேண்டாம்,
அதெல்லாம் தாளில் இல்லை என்றார் புனேக்காரர்.
இல்லைதான்.
போனை வைத்துவிட்டு இரண்டு கோட் பூசினோம்.
நாலு கிராம். முந்நூற்று எண்பத்து மூன்று.

இனிக் குடைய எதுவுமில்லை.
எப்சிபா பெயர்த்தகட்டைக் காட்டினாள்:
எங்கள் கம்பெனி, கீழே வியாசர்பாடி, சென்னை முப்பத்தொன்பது.
ஆணியோடு இரண்டு புள்ளி ஆறு.
நான் கழற்றினேன். அவள் பேசாமல்
உறையை வாங்கி, பூச்சுக்கு முந்தைய வெற்று உலோகத்தில்
லேசர்காரனிடம் அதே எழுத்தை வெட்டிக்கொண்டு வந்தாள்.
தகட்டில் இருந்தபோது பெயருக்கு எடை.
வெட்டினால், போன எழுத்தளவுக்கு
மோட்டார் இளைக்கிறது.
வியாசர்பாடி என்பதில் நீட்டெழுத்து இன்னும் கொஞ்சம்
இருந்திருக்கலாம் என்றேன். சிரித்தாள்.

மறுபடி பூசி, காயவிட்டு, தராசில் வைத்தோம்.
முந்நூற்று எண்பது புள்ளி ஒன்று.
அந்த ஒன்று எவ்வளவு என்று பார்க்க
டிபன் டப்பாவில் ஒட்டியிருந்த அரிசியை அலம்பி, வெயிலில் வைத்து,
நிறுத்தோம்.
ஐந்து அரிசி.

அரத்தைத் தேடுகிறாள் எப்சிபா.
கரண்ட் போய்விட்டது.
தராசின் பச்சை எண் மட்டும்
பேட்டரியில் எரிகிறது.