அறுபது சொற்களுக்குள்

அறுபது சொல் போதும், அதற்குமேல்
நின்று வாசிக்கமாட்டார்கள் என்றது அலுவலகம்.
படத்துக்குப் பக்கத்தில் ஒட்டவேண்டிய அட்டை.
ரீகா, உறுதிமொழி மண்டபம், எண்ணெய் வண்ணம்,
இந்துலிஸ் ப்ரியட்மனிஸ் வரைந்தது.
எட்டு அதிலேயே போயிற்று.

ஆளில்லாத மண்டபம். நாற்பத்தொரு நாற்காலி.
மேடைக்குப் பின்னே கொடி:
கருஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, மறுபடி கருஞ்சிவப்பு.
சிவப்பு குருதி என்று எழுதினேன்.
அடித்தேன்.
எல்லா நாட்டிலும் சிவப்பு குருதிதான்;
எவன் குருதி என்பதில்தான் வழக்கு.

மாடியில், இந்தப் படத்தோடு
ஏழு மாதம் குடித்தனம் நடத்திய வெல்கா சொன்னாள்:
வெள்ளை என்று ஒரு வண்ணமே இதில் இல்லை.
நடுப்பட்டையை அவர் தீட்டவில்லை,
வெறும் துணியாக விட்டுவிட்டார்.
கொடியும் துணிதானே.

பிறகு வேறொரு கை, நாற்பதுகளில்,
கதவுக்கு அடிக்கிற சாயத்தால்
நடுவையும் சிவப்பாக்கியது.
பிறகு இன்னொரு கை, தொண்ணூறில்,
அதைவிட அவசரமாகத் துடைத்தது.
இழைக்குள் இறங்கியது இறங்கியதுதான்.
இன்னும் தேய்த்தால் வெளுக்காது, ஓட்டை விழும்.

ஆகவே எங்கள் வெள்ளை
பனியில் நெடுநேரம் நின்றவன் காதின் நிறம்.

தியாகம் பொருந்தவில்லை.
தழும்பு என்று போட்டுப் பார்த்தேன்.
"விடுமுறைக்கு வருகிறவர்கள் பாவம்" என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார் இயக்குநர்.

மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும்
சன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.
சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவனின் இடம் அது என
பதினாறு பக்கம் எழுதினார் ஒரு பேராசிரியர்.
படம் முப்பத்தாறில் வரைந்ததாயிற்றே என்றேன்.
ஓவியனுக்கு முன்பே தெரியும் என்றார்.

அதன் எதிரே பத்தொன்பது ஆண்டாக
உட்கார்ந்திருக்கும் காவலர் ஏவால்ட்ஸ்
இருக்கையில் இரண்டு சாம்பல் தீற்றலைக் காட்டினார்.
சன்னல் திறக்க எவனோ ஏறியிருக்கிறான்,
இறங்கித் திருப்பி வைக்கவில்லை.
செருப்புத் தடமா, தூரிகை துடைத்த கறையா,
எனக்கு விளங்கவில்லை.

நேற்று அட்டையை ஒட்டினேன். முப்பத்திரண்டு சொல்.
லியெபாயாவிலிருந்து வந்த பள்ளிக்கூட்டத்தில்
ஒருத்தி அட்டையைப் பார்க்கவே இல்லை.
மூக்கைப் படத்தருகே கொண்டுபோய்,
மணி அலற அலறக் கேட்டாள்:
ஏன் ஒருத்தருமே வரவில்லை? கூட்டம் ரத்தா?

இன்னும் நேரமாகவில்லை, என்றார் ஏவால்ட்ஸ்,
தன் நாற்காலியைச் சற்றே
சன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டு.
மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற மாதம்.