தகப்பன் பெயர்

காவேரிப்பட்டணம் சந்தையில்
மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே நின்று
பிரசங்கம் செய்தவர் அப்பா.
வேதத்தில் வம்ச அட்டவணை வந்தால்
ஒரு பெயரையும் தாண்டமாட்டார்.
சபை கொட்டாவி விடும்.
விரல்விட்டு எண்ணி
எங்கோ தொலைந்துபோவோம் நாங்கள்.

ஜெபம் தமிழில்தான்.
சில்லறை எண்ணும்போது மட்டும்
ஒகட்டி, ரெண்டு, மூடு.
கேட்டால்
"குப்பம் பக்கம் யாரோ" என்று
பையை இறுக்கிக் கட்டுவார்.

அவரை அடக்கம் செய்த மறுமாதம்
கிருஷ்ணகிரி கோயில் அலுவலகத்தில்
ஞானஸ்நானப் பதிவேடு கேட்டேன்.
கரையான் விட்டுவைத்த பக்கம்.
தாது வருஷத்துப் பஞ்சம்.

"லாசரு. வயது ஆறு இருக்கலாம்.
கஞ்சித்தொட்டி அருகே கண்டெடுத்தது."

என் பூட்டன்.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
மை படவில்லை.

பென்சில் பட்டிருந்தது.
ஒரு கேள்விக்குறி,
கீழே புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம்.
என் கணக்கு நோட்டிலும்
மளிகைச் சீட்டிலும்
அப்பா அப்படித்தான் போடுவார்.

எந்த வருஷம் வந்தீர்கள் அப்பா,
எங்களிடம் சொல்லாமல்,
அந்த டி.வி.எஸ். வண்டியிலா?

"ஒரு மணிக்குப் பூட்டணும்மா" என்றார் எழுத்தர்.

பேனா இருந்தது என்னிடம்.
திறக்கவில்லை.
வெளியே வந்து
பேருந்துக்குச் சில்லறை எண்ணினேன்.
ஒகட்டி.
ரெண்டு.