பக்கம் ஒன்பது

கதை வாட்சப்பில் வந்தது.
மொத்தம் பதினான்கு வரி.
ஒன்பதாவது வரி இவ்வளவுதான்:
'அப்போது காட்டெருமை வந்தது.'
எந்தப் பக்கமிருந்து வந்தது,
பசித்தா, சும்மா வேடிக்கை பார்க்கவா,
எழுதியவருக்குத் தெரியாது.
அவர் காரைக்குடியில் இருக்கிறார்.
தெரிந்துகொள்வது என் வேலை.
பக்கத்துக்கு எழுநூற்றைம்பது ரூபாய்.

பதிப்பகத்துத் தாட்சாயிணி
மாதிரிக்கு ஒரு படம் அனுப்பினாள்.
தாடி வைத்த அமெரிக்க எருமை.
பனிப்புயலில் நின்றது, பாவம்.

கோத்தகிரியில் மாதிரி தேட வேண்டியதில்லை.
பால் வாங்கப் போனால் எதிரே வரும்.
ரேஷன் கடை வரிசை இரண்டாய்ப் பிரிந்து
வழிவிடும். அது போனதும்
அவரவர் இடத்தில் அவரவர்.
முதுகில் மேடு, கொம்பில் மஞ்சள்,
நான்கு காலிலும் முட்டிவரை
வெள்ளை சாக்ஸ்,
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதுபோல.

ஆறு முறை வரைந்தேன்.
ஆறிலும் அது எனக்காக நின்றது,
ஸ்டுடியோவில் மாப்பிள்ளை நிற்பதுபோல.
ஏழாவது தாள் காயவில்லை.
ஜூலையில் இங்கே எதுவும் காயாது,
துணி, விறகு, வாட்டர்கலர்.
தாள் அப்பளமாய் நெளிந்து
தேயிலைப் பச்சை கோடு தாண்டி
எருமையின் வயிற்றில் ஏறிக்கொண்டது.
ஹேர் டிரையரை எடுத்தேன்.
கரண்ட் போனது.

வெளிச்சத்துக்காகச் சன்னலைத் திறந்தால்
மேகம்தான் உள்ளே வந்தது.
கீழே, ஃபாக்டரிக்குப் போகும் சரிவில்,
செடிகளுக்கு மேலே
ஒரு கருப்பு உடம்பு மிதந்துகொண்டிருந்தது.
கால் இல்லை.
வெள்ளைக்குள் வெள்ளை போய்விட்டது.
அவ்வளவு கனம், தரை தொடாமல்.
ஒரே ஒருமுறை காதை அசைத்தது.

அதைத்தான் வரைந்தேன்.
சரியாகச் சொன்னால், வயிற்றுக்குக் கீழே
வரையாமல் விட்டேன்.
நான்கு விரற்கடை வெறும் தாள்.
ஒரு புல்லாவது போடேன் என்று
தூரிகை கெஞ்சிக்கொண்டே இருந்தது.
கையைக் கட்டிக்கொண்டு
இரவு ஒருமணிவரை உட்கார்ந்திருந்தேன்.

'மேடம், ஒன்பதில் காலைக் காணோம்.'
'மேகத்துக்குள்ளே இருக்கு.'
'குழந்தைகளுக்குப் புரியுமா?'
'தெரியலை' என்றேன்.
உண்மையிலேயே தெரியவில்லை.
காரைக்குடிக்காரர் கேள்விப்பட்டு
வரியை நீட்டி அனுப்பினார்:
'அப்போது காட்டெருமை
தன் நான்கு கால்களையும் மேகத்தில்
மறைத்துக்கொண்டு வந்தது.'
வேண்டாம் சார்.
சொல்லிவிட்டால் அப்புறம் அது
எங்கே மறைந்திருப்பது?
பழையதே இருக்கட்டும்.
வந்தது. போதும்.

டிசம்பரில் பத்துப் பிரதி வந்தது.
ஒன்றைக் கீழ்வீட்டுத் தர்னிஷுக்குக் கொடுத்தேன்.
ஒன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டத் திணறுவான்.
அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படித்தான்.
எட்டு. ஒன்பது.
நின்றான்.
புத்தகத்தைக் கவிழ்த்து உதறினான்,
கால் கீழே விழுமா என்று.
தாளின் ஓரத்தை நகத்தால் தூக்கி
பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.
அங்கே நான் வரைந்த சந்தை,
கேரட், கோஸ் மூட்டை, ஒரு தராசு.
ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் காட்ட வந்தான்.
நீல பால்பாயிண்ட். தாள் குழிய அழுத்தி
என் வெள்ளையில் கால்கள்.
ஐந்து.
ஒவ்வொன்றிலும் லேஸ் கட்டிய ஷூ.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்.
அந்த வெள்ளை என் முதுகுவலி.
'அஞ்சு எதுக்குடா?'
'நாலு நடக்க.'
'அஞ்சாவது?'
இதுகூடத் தெரியாமலா வரைகிறாய்
என்பதுபோல் பார்த்தான்.
'அது அடுத்த பக்கத்துக்குப் போகுது.'

திருப்பினேன்.
அழுத்திய அழுத்தலில்
ஐந்தாவது கால் தாளைத் தாண்டிப் புடைத்திருந்தது,
சந்தையில்,
கோஸ் மூட்டைக்கும் தராசுக்கும் நடுவே.