பணகுடி, ஒன்றே முக்கால் மணி

முதலில் நாய் என்றுதான் நினைத்தேன்.
வீட்டுக்குள் எப்படி வந்தது என்று
விளக்கைப் போட்டால்
கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள் ஜெனோ,
இரண்டே முக்கால் வயசு,
கழுத்தை நீட்டி,
யாரோ கூப்பிட்டது போல முழித்துக்கொண்டு.

திரும்பவும் குரைத்தாள்.
அழுகையோடு மூச்சை உள்ளே இழுக்கையில்
கீய்ங் என்று ஒரு சத்தம்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
எண்பது மீட்டர் உயரத்தில்
பிரேக் கட்டை தேய்ந்த காற்றாலை
காற்றைப் பார்த்துத் தலை திரும்புகையில் போடுவது.
அங்கே எனக்கு விதி ஒன்றுதான்:
முதலில் நிறுத்து.
நின்ற பிறகு கழற்று.
இங்கே
நிறுத்திவிட்டுப் பார்க்கிற வேலை இல்லை.

டெல்மாவுக்கு வள்ளியூரில் நைட் டூட்டி.
மூன்றாவது ரிங்கில் எடுத்தாள்.
"போனை அவ வாய்கிட்ட வையுங்க."
வைத்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
வார்டு ஃபேன் மட்டும் சுற்றியது.
"குரூப்பு மாதிரிதான் கேக்கு. பயப்படாதிய.
நீங்க பயந்தா அவ அழுவா,
அழுதா தொண்டை இன்னும் அடைக்கும்."

ஆவி பிடிக்க அடுப்பில் தண்ணீர் ஏற்றியிருந்தேன்.
எப்படித்தான் தெரிந்ததோ.
"அடுப்ப அணைங்க மொதல்ல.
கொதிதண்ணிய பிள்ள மேல கொட்டிராதிய.
தைலமும் வேண்டாம்.
நிமித்திப் பிடிச்சுக்கிட்டு வெளிய போங்க,
காத்துல."

காற்றுக்கா பணகுடியில் பஞ்சம்.
ஆனி மாசம். கணவாய் திறந்து கிடக்கிறது.
கொடியில் துணி நிற்காது,
கூரையில் தகரம் நிற்காது,
கம்பெனி அதை யூனிட் போட்டு விற்கிறது,
எனக்குச் சம்பளமும் அதில்தான்.
அவ்வளவும் வாசலில் முட்டிக்கொண்டு நிற்க
இவள் ஒரு கரண்டி எடுப்பதற்குத்
தோளைத் தூக்குகிறாள்.

மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியின் மறைவு.
போர்வைக்குள் சட்டையை விலக்கி
டார்ச் அடித்தேன்.
"தொண்டைக்குக் கீழ குழி விழுதா? விலாவுல?
அழும்போது சொல்லாதிய, சும்மா இருக்கும்போது."
சும்மா இருக்கும்போது இல்லை.
இல்லை என்றுதான் நினைக்கிறேன்.
"உதடு?"
டார்ச் வெளிச்சம் மஞ்சள்.
உதடு சிவப்பு. சிவப்புதான்.
"அமைதியா இருக்கையிலயும் அந்தச் சத்தம் வந்தா
என்னக் கேக்காதிய, தூக்கிட்டு வந்துருங்க."
மாடியில் நின்றபடியே இசக்கியப்பனுக்குப் போன் போட்டேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை,
ஆட்டோவைத் தெருமுனையைப் பார்த்துத்
திருப்பி வைத்துவிட்டு
சீட்டிலேயே படுத்துக்கொண்டான்.

எதிர்வீட்டு நாய் பதில் சொல்ல ஆரம்பித்தது.
இவள் ஒன்று என்றால் அது இரண்டு.
ரைஸ் மில் பக்கத்து நாய்களும் சேர்ந்துகொண்டன.
ஜெனோ கண்ணை விரித்தாள்.
"நானாப்பா?"
குரலே இல்லை, உரசல்தான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வாயை அவள் தலையில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

தாலாட்டு எனக்கு வராது.
மெஷின் நம்பர்களைச் சொன்னேன்.
நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு.
நாப்பத்திமூணு ரிப்பேர்.
தூரத்தில் சிவப்பு விளக்குகள் எரிந்து எரிந்து அணைய
ஒரு விளக்குக்கு ஒரு மூச்சு.
ஐம்பத்தாறில் பிந்தினாள்.
நானும் அங்கேயே நின்றேன்.
பிறகு வந்தது,
மூக்குச்சளி கொழகொழக்க,
சத்தமில்லாமல்.

மூணேகாலுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர்.
அப்புறம் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து
எச்சில் ஒழுகத் தூங்கிப்போனாள்.
கை மரத்துவிட்டது.
மாற்றவில்லை.

முதல் பஸ்ஸில் வந்த டெல்மா
செருப்பைக் கழற்றாமலே
பிள்ளை நெஞ்சில் காதை வைத்தாள்.
"ரெண்டாம் ராத்திரியும் வரும்.
ஒம்பது மணிக்கு டாக்டர்ட்ட காட்டி
மருந்து ஒரு டோஸ் வாங்கிருவோம்."
வாங்கிருவோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே
உட்கார்ந்தபடி கண் அசந்துவிட்டாள்,
விரல்கள் மட்டும் ஜெனோ விலாவில்
முழித்திருந்தன.

நானும் சாய்ந்தேன்.
கண் மூடியிருக்க மாட்டேன்,
ஒரு குரைப்பு.
எழுந்து உட்கார்ந்தேன்.

நாய்தான்.