மெய்யெழுத்து மிச்சம்

ஒரே ஓர் இழைதான் என்றார்கள்.
பங்குப் பேரவை கூடி, கைதூக்கி,
தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.
வெட்டியவர் கோயில்பிள்ளை மிக்கேல்பிச்சை.
கத்தரிக்கோலுக்கு முதலில் ஒரு முத்தம் கொடுத்தார்.

காசிமேட்டில், ஐஸ் பாக்டரிக்குப் பின்னால்,
கண்ணாடிப் பெட்டிக்குள் நாலாய் மடித்த துணி.
பெரிய வெள்ளியன்று மட்டும் வெளியே வரும்.
ஆண்டவரைச் சுற்றியதே இதுதான் என்கிறது தெரு.
சுற்றியதைத் தொட்ட துணி என்கிறார்
பங்குச்சாமி தார்சியுஸ், கொஞ்சம் தணிந்த குரலில்.
நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு.

எனக்கு ரத்தத்தில் பதினோரு வருட அனுபவம்.
கத்தி, சட்டை, ஆட்டோ சீட்டு,
ஒருமுறை தலையணைக்குள் இருந்த பஞ்சு.
எதற்கும் யாரும் முத்தம் கொடுத்ததில்லை.

சாமி பழைய பதிவேட்டைக் காட்டினார்.
கப்பலில் வந்த குரு ஒருவர்
போர்த்துகீசில் எழுதிய ஒற்றை வரி.
அதில் ஆறெழுத்துச் சொல் ஒன்று;
இரண்டாம் எழுத்தையும் நான்காம் எழுத்தையும் பூச்சி தின்றிருந்தது.
அங்கே ஓ, ஆ என்று வைத்தால்
'தொட்டது'.
ஏ, ஈ என்று வைத்தால்
'நெய்தது'.
உயிரை மட்டும் பார்த்துத் தின்று
மெய்யை விட்டுவைத்திருக்கிறது பூச்சி.
நானும் சாமியும் சிரித்தோம்.
பிறகு அவர் சிரிக்கவில்லை.

லென்சுக்குக் கீழே இழை கிடந்தது.
சணல் நாரென்றால் மூங்கிலைப் போல் கணு தெரியும்.
இது முறுக்கிய நாடா. பருத்தி.
கம்பெனித் துணிகளை வெளுத்துக் காயப்போட்ட
வண்ணாரப்பேட்டை இங்கிருந்து நடக்கிற தூரம்.
"துணி நம்மூருதா இருக்கட்டுமே,
தொட்டதா இல்லையான்னு சொல்லு" என்றாள்
ஏலக்கூடத்திலிருந்து நேராய் வந்திருந்த ரெஜினாள்,
கையில் செதிலோடு.
தொட்டதைக் காட்டும் கருவி
அரசாங்கத்திடம் இல்லை அக்கா.
ரத்தமா என்று வேண்டுமானால் பார்க்கலாம்.

இரண்டு குழாய்கள் வைத்தேன்.
ஒன்றில் அந்த இழையில் பாதி
(மறுபாதி லென்சிலேயே பொடிந்துபோனது),
ஒப்பிட்டுப் பார்க்க, மற்றதில்
என் துப்பட்டாவிலிருந்து பிடுங்கிய ஓர் இழை.
கடைசித் துளி விழுந்ததும் எண்ண வேண்டும்.
பத்துக்குள் சிவந்தால் ரத்தமாக இருக்கலாம்.
அப்புறம் சிவப்பது கணக்கில் வராது;
காற்று பட்டாலே போதும் அதற்கு.

ஆறு. ஏழு.
துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி
சுவரோடு உரசிக்கொண்டு ஹாரன் அடித்தது.
மேசை அதிர்ந்தது. ஜன்னலைப் பார்த்துவிட்டேன்.
திரும்பியபோது அந்தக் குழாய்
வெட்கப்பட்டதுபோல் லேசாய்ச் சிவந்திருந்தது.
எட்டிலா, பதினைந்திலா, தெரியாது.
இன்னோர் இழை இல்லை.

ரிப்போர்ட்டில் 'முடிவு காண இயலவில்லை' என்று எழுதினேன்.
ரெஜினாள் கேட்டாள்:
"செவந்துச்சா?"
செவந்துச்சு.
"அப்பாலே இன்னா?"
எப்போ செவந்துச்சுன்னு தெரியல.
அவள் என்னை ஒரு மாதிரியாய்ப் பார்த்தாள்,
எடைக்கல்லில் ஓட்டை கண்டுபிடித்தவள் மாதிரி.
"சரி, நூலைக் குடு."
கரைஞ்சிடுச்சு அக்கா.
"தண்ணியையாச்சும் குடு."
விஷம் அது. தர முடியாது என்றேன்.
பேசாமல் போய்விட்டாள்.
அந்த வருடப் பெரிய வெள்ளியன்று
எனக்கு முன்னால் நின்றவள் திரும்பவில்லை.
துணி என்னிடம் வந்தபோது
உதடு வைப்பதா, மூக்கால் மோப்பம் பிடிப்பதா என்று குழம்பி
நெற்றியால் தொட்டேன்.
கற்பூரவல்லி வாசனை, கொஞ்சம் மீன்.

விதிப்படி குழாய்கள் மஞ்சள் பையில் போக வேண்டும்.
இன்னும் போடவில்லை.
பிரிட்ஜின் கீழ்த்தட்டில், ரப்பர் பாண்டு போட்டு வைத்திருக்கிறேன்.
மறுநாளே என் துப்பட்டா இழையும் சிவந்துவிட்டது,
அதே சிவப்பு, மாற்றுக் குறையாமல்.
ஈரத்தில் லேபிள்கள் இரண்டும் உரிந்து
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.